வழியில் ஒரு சிநேகிதர்



நீண்ட பிரயாணம் புறப்படுகிறவர்கள் வழியில் இருக்கும் சிநேகிதர்களை எப்போது நினைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பாதி வழி கடந்து, இடுப்பு நோகத் தொடங்கி, வயிறு காய்ந்து, வண்டியில் வந்த குழந்தை வாந்தியெடுத்த பிறகுதான், 'இந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே' என்ற ஞாபகம் வருகிறது. அப்படிப் போய் நிற்கிறபோது அந்த வீட்டுத் திண்ணையும் தண்ணீர்ச் செம்பும் நமக்கு வேண்டியிருக்கிற அளவுக்கு அந்தச் சிநேகிதர் வேண்டியிருப்பதில்லை. ஆகையால், என்னைக் கேட்டால், பழைய சிநேகிதர் வீட்டைப் பிரயாணத்தின் முதல் நிறுத்தமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். புறப்பட்டு அதிக நேரமாகாமல், பசியும் களைப்பும் அண்டுவதற்கு முன்னால், அவரிடத்தில் நமக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமே இல்லாத நிலையில் போய் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் மோட்டாரில் போய்வந்த என் அனுபவத்தைச் சொல்லும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. எனக்குத் தந்திருக்கும் அவகாசமோ சொற்பம். குந்தாரப்பள்ளியைத் தாண்டுவேனா என்பது எனக்கே சந்தேகந்தான்.

காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற ராஜபாட்டை ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதற்கு முன்பு 7 என்று எண்ணிட்டிருந்தார்கள்; இப்போது முழுவதற்கும் 44 என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சாலை அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையை விட்டு ஓசூருக்குள் நுழைந்து, சூளகிரியைக் கடந்து, கிருஷ்ணகிரியை நெருங்குகிற இடத்தில், வேப்பனப்பள்ளிக்குப் பிரிகிற ஒரு கூட்ரோடு வருகிறதே, அதுதான் குந்தாரப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்திற்குள் சச்சரவில்லாமல் குடித்தனம் பண்ணுகிற சீமை அது. லாரித் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை என்று ஓசூர் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டபடியால், வழிநெடுகிலும் இப்போது கண்ணில் படுவன பாலங்களும் கிடங்குகளும் கம்பெனி பஸ்களுமே. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு என்னிலும் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவன். எனக்கு ஓசூர் என்றால் மத்திகிரிப் பண்ணைதான். 1824-ஆம் வருஷத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்பட்டு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கால்நடை இலாகாவின் கைக்கு வந்த அந்தப் பண்ணையின் பரந்த புல்வெளியைத் தொழிற்சாலைக் கூரைகளுக்கு நடுவே பார்க்கிறபோதெல்லாம், இந்தச் சீமை மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் பேர்போனதாக இருந்த காலம் இன்னும் முற்றிலும் கழிந்துபோகவில்லை என்று ஓர் ஆறுதல் உண்டாகும்.

வண்டி ஓட்டியவர் என் மருமகன். கைப்பேசியில் வரைபடம் பார்த்து, எந்த ஊரில் சிற்றுண்டி, எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்றெல்லாம் திட்டமிட்டிருந்த அவர், சனிக்கிழமை புறப்படலாம் என்றார். வெள்ளிக்கிழமைதான் உத்தமம் என்று நான் பிடிவாதமாக நின்றதை என் தெய்வபக்தி என்று எண்ணி அவர் இணங்கிவிட்டார். உண்மையான காரணத்தை நேயர்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: குந்தாரப்பள்ளியில் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமை.

அந்தச் சந்தையை நீங்கள் பார்த்திருக்காவிட்டால், கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். இங்கே நான் சீக்கிரம் நகரமாட்டேன். விடியற்காலை இருட்டிலேயே ஆடுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். சுற்றுக் கிராமங்களிலிருந்து இரண்டு குட்டிகளை ஒரே கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு வருகிற கிழவிகள் ஒரு பக்கம். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டிகளோடு வந்து காத்திருக்கிற மொத்த வியாபாரிகள் இன்னொரு பக்கம். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தின வெள்ளிக்கிழமைகளில் கால் வைக்க இடமிராது. உடம்பு முழுதும் மினுமினுக்கும் சேலம் கருப்பு வெள்ளாடு, ரோமம் குட்டையான மேச்சேரிச் செம்மறி, இன்ன ஜாதியென்று சொல்ல முடியாத கலப்புக் கிடாக்கள் எல்லாம் ஒன்றாக நின்று கத்துகிற அந்தச் சப்தத்துக்கு நடுவே, சப்தமே இல்லாமல் ஒரு வியவகாரம் நடந்துகொண்டிருக்கும். அதுதான் துண்டுக்குள் நடக்கிற பேரம். தரகர் தம் தோள் துண்டை எடுத்துத் தம் கைமேலும் வாங்குகிறவர் கைமேலும் போட்டுக்கொள்வார். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா நூறா என்பது மாத்திரம் வாயிலிருந்து வரும், சில வேளை அதுவும் வராது. முகத்தில் ஒரு சலனம் இராது. பக்கத்தில் நிற்கிற பத்துப் பேருக்கும் விலை தெரியாமல் ஒரு ஜோடி மாடு கைமாறிவிடும்.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் ஒருவர் என் சிநேகிதர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தரகர் என்றே சொல்லிவிடுகிறேன். நான் படித்து முடித்துச் சான்றிதழோடு இந்தப் பக்கம் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், சந்தைக்கு ஒரு பசு வந்திருந்தது. இரண்டாம் ஈத்து என்று விற்கிறவர் சத்தியம் செய்தார். பார்வைக்குக் கொம்பு வழவழவென்று, எண்ணெய் பூசினாற்போல், இளமையாகத்தான் இருந்தது. ஈன்ற பசுவின் கொம்படியில் ஈத்துக்கு ஒன்றாக வளையம் விழும் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. அந்த வளையங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தடவி மறைத்துவிடுகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. தரகர் கொம்பைப் பார்க்கவே இல்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கொம்பும் தோலும் சேருகிற இடத்தில் கட்டைவிரலை ஒரு தரம் ஓட்டினார். பிறகு கீழுதட்டை விலக்கிப் பல்லைத் தடவினார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுத்தான். அந்த எட்டும் முளைத்து நிறைவதையும், நிறைந்தபின் தேய்வதையும் கொண்டுதான் நாங்கள் வயது சொல்வது. "அஞ்சு ஈத்துக்குக் குறையாது. வேணும்னா டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். நான் பார்த்தேன், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த விற்பனை முறிந்தது. இரண்டு பக்கமும் அவருக்கு வரவேண்டியிருந்த தரகும் போயிற்று. அன்று அவர் வாங்கிக் கொடுத்த தேநீரில்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

ஆனால் சிநேகம் முற்றியது வெக்கை நோயினால். இளைய நேயர்களுக்கு அந்தப் பெயரே தெரிந்திராது. காய்ச்சல் கண்டு, வாய் வெந்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, கழிந்து கழிந்து ஒரு வாரம் பத்து நாளில் மாட்டைச் சாய்த்துவிடுகிற கொடிய தொற்று அது. ஒரு தொழுவத்தில் புகுந்தால் கிராமத்தையே காலி செய்யும். 1890-களில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் புகுந்து அங்கிருந்த மாடுகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்று, மாட்டை நம்பியிருந்த ஜனங்களைப் பஞ்சத்தில் தள்ளியதும் இதே நோய்தான். இந்தியாவில் 1954-இல் தொடங்கி மாட்டுக்கு மாடு ஊசி போட்டு அதை விரட்டப் பாடுபட்டார்கள். ஊசி போடுவது சுலபம். மாட்டுக்காரரைச் சம்மதிக்கச் செய்வதுதான் கஷ்டம். ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும், உழவுக்கு ஆகாது என்று நூறு ஆட்சேபங்கள். அரசாங்கத்துச் சட்டையைக் கண்டாலே மாட்டை அவிழ்த்துக்கொண்டு மலையேறிவிடுகிறவர்களிடம் நான் எவ்வளவு சாஸ்திரம் பேசினாலும் ஏறாது. தரகர் வருவார். "ஊசி போட்ட மாட்டுக்குத்தான் என் துண்டு விரியும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். மாடுகள் வரிசையில் வந்து நிற்கும்.

1995-க்குப் பிறகு இந்தியாவில் வெக்கை நோயைக் காணவில்லை. உலகத்திலேயே அது இல்லாமல் ஒழிந்துவிட்டதென்று 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனுஷ ஜாதி அடியோடு தொலைத்த இரண்டாவது வியாதி அது. அதற்குப் பின் மூன்றாவது ஒன்று இன்றுவரை இல்லை. செய்தி வந்த அன்று நான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு எமனைத் தீர்த்துட்டோம்னு சொல்லுங்க" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மேடைபோட்டுத் தந்த பாராட்டுப் பத்திரங்கள் என்னிடம் சில உண்டு. அவற்றில் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடானது எதுவுமில்லை.

இப்போது பிரயாணத்துக்கு வருவோம். கூட்ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னதும் மருமகன் திடுக்கிட்டார். "மாமா, எஞ்சின் இன்னும் சூடே ஆகலை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே நிறுத்துவதுதானே என் சித்தாந்தம்!

சந்தை கலைகிற நேரம். தேநீர்க் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஒன்றில் சஸ்திர சிகிச்சை ஆகி, மற்றது பாக்கி. தரகு வேலையைப் பேரனிடம் ஒப்புவித்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்காருகிறார். சந்தேகம் வந்தால் ஆட்டை அவரிடம் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் போனபோதும் ஒருவர் ஒரு கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தரகர் அதன் இடுப்புத் தண்டின்மேல் விரல்களை வைத்து, எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை எவ்வளவு என்று அழுத்திப் பார்த்தார், வயிற்றை ஒரு தட்டுத் தட்டினார், "தண்ணி" என்றார். அவ்வளவுதான். முந்தின இரவு உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்த வயிறு என்பது அதற்கு அர்த்தம். கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். என் கையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பியும் பாராமல், "டாக்டரு இளைச்சுட்டீங்க" என்றார்.

பிறகு செய்ததுதான் வேடிக்கை. தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு கைகளின்மேலும் போட்டார். எத்தனை நாள் தங்குவேன் என்பதற்குப் பேரம்! உள்ளே என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். நான் அவருடைய சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்தேன். ஒரு மணி நேரம் என்பது என் மனசிலிருந்த கணக்கு. தலையை அசைத்து, நாலு விரலைப் பிடித்தார். நான் ஒன்றை விடவில்லை. மூன்றுக்கு இறங்கினார். மருமகன் எதிரே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளே தம்முடைய கால அட்டவணை விலைபோய்க்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கடைசியில் இரண்டு விரலில் வந்து நின்றோம். நான் சரியென்று அழுத்தியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுது. ரெண்டு வேளைச் சாப்பாடு" என்றார். நாளா, மணியா என்று முதலில் பேசிக்கொள்ளாமல் விரலை மட்டும் பேசினால் ஜெயிக்கப்போகிறவர் தரகர்தான் என்பது நியாயமாக எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்துதான் இருந்தது என்று என் மருமகன் இன்றுவரைக்கும் சாதிக்கிறார்.

வீட்டில் தரகரின் மனைவி, "அண்ணா, கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிக் களியும் கொள்ளுக் குழம்பும் பரிமாறினார். கேழ்வரகுக் களி சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு, நேயர்களே. பல்லுக்கு அதில் வேலை கிடையாது. விரல்நுனியால் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே தொண்டைக்குள் நழுவவிட வேண்டும். பட்டணத்தில் வளர்ந்த மருமகன் மென்று பார்த்துத் திண்டாட, வீட்டுக் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஆனி மாதமாகையால் கொல்லையில் பெங்களூரா மாம்பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அதையும் ஒரு கூடை வண்டியில் ஏற்றினார்கள்.

பிற்பகல் முழுவதும் திண்ணையில் படுத்துக்கொண்டு பேசினோம். பேசியது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலம் வளைக்கப்பட்டு வருவதைப் பற்றிச் சிறிது; கம்பெனிக்குப் போகிற பேரன்களில் ஒருவன் மாத்திரம் சந்தைக்கு வருவதைப் பற்றிச் சிறிது; செத்துப்போன ஒரு கன்னட வியாபாரியின் கஞ்சத்தனத்தைப் பற்றி வெகுநேரம்.

தகடூர் என்று பழைய நூல்கள் சொல்கிற தருமபுரிக்கு அருகாமையில் உட்கார்ந்துகொண்டு சிநேகத்தைப் பற்றிப் பேசும்போது, அதியமான் நெடுமான் அஞ்சியை நினைக்காமல் இருக்க முடியுமா? இன்று நந்தி மலையிலிருந்து இறங்கி ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தொட்டுக்கொண்டு போகிற தென்பெண்ணை, கீழே திருக்கோவலூர்ப் பக்கம் போகிறதல்லவா, அங்கே ஜம்பை என்ற ஊர்க் குன்றில் இந்த அஞ்சியின் பெயர் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டு 1981-இல் கிடைத்தது. அதனால் அவன் கவிகளின் கற்பனை அல்லன் என்பது நிச்சயமாயிற்று. புறநானூற்றில் ஔவை அவனைப் பாடிய பாட்டுக்களில் ஒன்று, எத்தனை நாள், எத்தனை பேரோடு திரும்பத் திரும்பப் போனாலும் முதல் நாள் காட்டிய அதே பிரியத்தைக் காட்டுகிறவன் என்று அவனைக் கொண்டாடுகிறது. அதே அஞ்சியிடம் வந்த இன்னொரு புலவர் பெருஞ்சித்திரனார். மலைகளையும் குன்றுகளையும் தாண்டி வந்தவரை நேரில் காணாமலே அரசன் பரிசிலை மட்டும் அனுப்பிவிட்டான். 'நான் வியாபாரத்துக்கு வந்தவன் அல்லன். என்னைக் கண்டு, என் தரம் அறிந்து கொடுப்பதானால் தினையளவு போதும்' என்ற கருத்தில் பாடிவிட்டு அவர் அதை மறுத்துவிட்டார். அரசன் அப்படிச் செய்ததற்கு என்ன நிமித்தமோ, நாம் அறியோம். ஆனால் புலவர் கோபித்தது நூற்றுக்கு நூறு நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணத்துக்குப் பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பிவிட்டு, பண்டிகைக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, சிநேகத்தைப் பரிபாலித்ததாக எண்ணிக்கொள்கிற நாம் எல்லாரும் அந்தப் பாட்டின் எதிரே கொஞ்சம் கூச்சத்தோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆயுள் முழுதும் வியாபாரத்திலேயே கழித்த என் தரகருக்கு இது யாரும் சொல்லித் தராமல் தெரிந்திருந்தது. மாம்பழக் கூடையைப் பஸ்ஸில் போட்டு அனுப்பலாமே என்று ஒரு முறை சொன்னேன். "பழத்துக்கா நீங்க வர்றீங்க?" என்று கேட்டார்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். 1792-இல் இந்தப் பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தபோது இங்கே வந்து, ஏழு வருஷம் கிராமம் கிராமமாகத் திரிந்து நிலவரி ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னால் சென்னை ராஜதானிக்குக் கவர்னராகி, இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால், தாம் பழகிய கடப்பை, பல்லாரிப் பக்கத்து ஜனங்களைக் கடைசியாக ஒரு தடவை பார்த்து விடைபெற்று வருவோம் என்று 1827-இல் புறப்பட்டார். பட்டிக்கொண்டா என்ற ஊரில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார். பார்க்க வேண்டியவர்களைப் பிரயாணத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது உசிதமல்ல என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இராச் சாப்பாடும் முடிந்து நாங்கள் புறப்பட்டபோது, வரைபடத்தின்படி நாங்கள் திருநெல்வேலியைத் தாண்டியிருக்க வேண்டும்; உண்மையில் கிருஷ்ணகிரியில் போய்ப் படுத்தோம். மறுநாள் சேலம், நாமக்கல், மதுரை என்று ஊர்கள் வந்தன, போயின. கன்னியாகுமரியில் கடலும் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் எல்லாரும் வர்ணித்திருக்கிறபடியே நன்றாக இருந்தன. அவற்றைப் பற்றி நிலையத்தார் வேறொருவரைப் பேசச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நேயர்களில் எவரேனும் அந்தச் சாலையில் வெள்ளிக்கிழமையன்று போக நேர்ந்தால், விடிவதற்கு முன்பே குந்தாரப்பள்ளிக்குப் போய்ச் சேருங்கள். வெயில் ஏறினால் நல்ல ஆடுகள் போய்விடும். உங்களுக்கு அங்கே சிநேகிதர் எவரும் இல்லையென்றாலும் பாதகமில்லை. தேநீர்க் கடை பெஞ்சில் இடமிருந்தால் உட்காருங்கள். ஒன்று மாத்திரம்: துண்டு விரிந்தால், நாளா, மணியா, வேளையா என்பதை முதலில் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.